கொக்கராயம்

என் கையெழுத்தைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். 1983-ஆம் வருஷம் மாசி மாதம் வரைக்கும் அப்படித்தான் இருந்தேன். அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறேன். ஏன் என்று சொல்லத்தான் இது. நான் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்கிறவள் என் மனைவி வசந்தி. நடுநடுவே சிரிக்கிறாள். அதை நான் கண்டுகொள்வதில்லை.

அப்போது நான் அடிவாரத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் விரிவுரையாளர். பெயர் தாண்டவராயன். ஆறடி உயரம், அதில் மேல் அரையடி முன்பக்கமாக வளைந்திருக்கும். நடந்தால் தலை முதலில் போகும், உடம்பு பின்னால் வந்து சேரும். கழுத்தும் நீளம். அழகைப் பீற்றிக்கொள்கிறேன் என்று நினைக்க வேண்டாம், இந்த விவரங்கள் பின்னால் தேவைப்படும்.

சென்னையில் பேராசிரியர் ராஜாக்கண்ணு என்பவர் வட்டாரச் சொற்களுக்கு ஓர் அகராதி தொகுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் போன்றவர்கள் ஊர் ஊராகக் கேட்ட சொற்களை அட்டையில் எழுதி அனுப்ப வேண்டும். இரண்டு வருஷம் அலைந்து இருநூற்றுப் பதினான்கு அட்டைகள் அனுப்பினேன். அத்தனையும் ஒரே கட்டாகத் திரும்பி வந்தன. “தங்கள் உழைப்பு பெரிது. ஆனால் ஒரு சொல்லும் வாசிக்க முடியவில்லை. தட்டச்சு செய்து அனுப்புக” என்று ஒரு துண்டுச் சீட்டு. பொறாமை பிடித்த மனுஷன் என்று நான்கு நாள் திட்டினேன். பிறகு அட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு வசந்திக்குச் சொல்ல ஆரம்பித்தேன். அறுபது அட்டைகளில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. மை சரியில்லை என்று சொன்னேன். வசந்தி மை புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மறுபடி மேசைமேல் வைத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ஆலங்காயம் சந்தையில் எனக்கு அந்தச் சொல் கிடைத்தது.

மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு பெண் தண்டுக்கீரை விற்றுக்கொண்டிருந்தாள். நான் ஒரு கட்டை எடுத்தேன். இலைகளில் வெள்ளை வெள்ளையாக வளைந்து வளைந்து கோடுகள். உள்ளே பூச்சி தின்றுகொண்டே போன தடம்.

“அத்த எடுக்காதீங்க சார். இலையெல்லாம் கொக்கராயம் உழுந்து கீது.”

“என்ன விழுந்திருக்கு?”

“கொக்கராயம். இதோ, புழு எழுதுனாப்புல கீதே, இதான்.”

என் உடம்பெல்லாம் புல்லரித்தது. புழு ஊர்ந்த மாதிரி நெளிகிற வடிவத்துக்குத் தமிழில் தனியாக ஒரு சொல். எந்த அகராதியிலும் நான் பார்த்ததில்லை. இது எப்படி வந்த சொல் என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள். முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு, “எனக்குத் தெரியாதுங்க” என்றாள். கிராமத்துப் பெண், வெட்கப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அந்தக் கீரைக்கட்டை வாங்கி வந்து புத்தகத்துக்குள் வைத்துக் காயப்போட்டேன். அன்றைக்குக் குழம்புக்கு ஒன்றும் இல்லை.

ஒரே வாரத்தில் கட்டுரை தயார். கொக்கரை என்றால் பழந்தமிழில் சங்கு. சங்கு சுருண்டிருக்கும், புழுத் தடமும் சுருண்டிருக்கும். ஆகவே கொக்கரையிலிருந்து கொக்கராயம். சரி, மலைக்காரர்களுக்குச் சங்கு எங்கே கிடைத்தது? விடுவேனா நான். ஈராயிரம் வருஷத்துக்கு முன்னால் அவர்கள் கடற்கரையில் இருந்தவர்கள், பிறகு மலை ஏறியவர்கள் என்று முப்பத்திரண்டு பக்கம் எழுதினேன். பேராசிரியர் மகிழ்ந்துபோனார். பங்குனியில் சென்னையில் நடக்கும் கருத்தரங்கில் வாசிக்கச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. மலைக்குப் போய், அந்த மக்கள் வாயாலேயே சொல்லின் பிறப்பைக் கேட்டு ஒலிநாடாவில் பதிந்து வர வேண்டும்.

மலை எனக்குப் புதிதில்லை. 1970 முதல் 73 வரைக்கும் நெல்லிக்கொல்லை என்ற ஊரில் ஓராசிரியர் பள்ளியில் நான்தான் வாத்தியார். ஐந்து வகுப்பு, ஒரே அறை, ஒரே கரும்பலகை. அங்கிருந்துதான் தபாலில் எம்.ஏ. படித்து முடித்து, மாற்றல் வாங்கிக் கீழே இறங்கினேன்.

அதே நெல்லிக்கொல்லையிலிருந்து அந்த மாதம் இரண்டு தபால் அட்டைகள் வந்திருந்தன. இப்போதைய தலைமை ஆசிரியர் சக்கரவர்த்தி எழுதியது. முத்து முத்தான எழுத்து. “தங்கள் காலத்துச் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு வரி குறித்துத் தங்கள் உதவி தேவை. மாதம்மாள் என்ற விதவைப் பெண் நம் பள்ளியின் சத்துணவு ஆயா வேலைக்கு மனுச் செய்திருக்கிறார். ஐந்தாம் வகுப்பு தேறியதற்கு ரெக்கார்டு ஷீட் கேட்கிறார்கள். தாங்கள் நேரில் வந்தால்தான் தர முடியும்.” இரண்டாவது அட்டையில் இதே விஷயம், கடைசியில் ‘தயவுகூர்ந்து’ என்று மட்டும் கூடுதல். ஒரு பதிவேட்டை வாசிக்க ஒரு தலைமை ஆசிரியருக்கு இன்னொரு ஆள் வேண்டுமா என்று எரிச்சல்பட்டு, இரண்டையும் அகராதி அட்டைகளோடு சேர்த்து வைத்துவிட்டேன். கடல் கொண்டுபோன சங்கைத் தேடுகிறவனுக்கு ஆயா வேலை கண்ணில் படுமா?

சொல்லுக்காகத்தான் மலை ஏறினேன். கல்லூரியின் டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு ஆலங்காயத்தில் பஸ் ஏறினேன். காவலூரில் வானாய்வுக்கூடத்தில் வேலை செய்கிற இரண்டு பேர் இறங்கினார்கள். நட்சத்திரம் பார்க்கிறவர்கள், பூமியில் என்ன கிடக்கிறது என்று தெரியாதவர்கள், பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

நெல்லிக்கொல்லையில் என்னை யாரும் மறக்கவில்லை. சாமைக் கொல்லையிலிருந்து ரங்கசாமி ஓடி வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர்.

“வாங்க சார், வாங்க. உங்களுக்கு முன்ன வந்த வாத்தியாருங்க எல்லாம் சம்பளத் தேதிக்கு வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போவாங்க. நீங்க ஒருத்தர்தான் மூணு வருஷம் எங்களோட தங்குனீங்க.”

கேட்க நன்றாகத்தான் இருந்தது. டேப் ரெக்கார்டரைப் போட்டுவிட்டுக் கொக்கராயம் என்றால் என்ன என்று கேட்டேன். ரங்கசாமியின் முகத்தில் ஏதோ ஓடி மறைந்தது. ஆனால் பொருளைத் தாராளமாகச் சொன்னார். காய்ந்த மரத்தின் பட்டையை உரித்தால் உள்ளே புழு போன தடம் இருக்குமே, அது கொக்கராயம். மழை நின்ற பிறகு சேற்றில் நாக்குப்பூச்சி, அதாவது மண்புழு, ஊர்ந்த கோடு, அதுவும் கொக்கராயம். பக்கத்தில் புளி உடைத்துக்கொண்டிருந்த முனியம்மா தானாகவே சேர்ந்துகொண்டாள்.

“கோலம் போடச் சொல்ல கை ஆடிப்போச்சுன்னா, இன்னாடி வாசல்ல கொக்கராயம் இழுத்து வெச்சிக்கீறன்னு மாமியார் கேப்பாங்க.”

“அருமை. இந்தச் சொல் எப்படி வந்தது?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரங்கசாமி மேலே வானத்தைப் பார்த்தார். பிறகு டேப் ரெக்கார்டரைப் பார்த்தார்.

“அது வந்துச்சுங்க.”

“எங்கிருந்து?”

“பள்ளிக்கூடத்துப் பக்கமா இருந்து.”

உடனே குறிப்பேட்டில் எழுதினேன்: பள்ளி, அதாவது சமணப் பள்ளி. முற்காலத்தில் சமண முனிவர்கள் இம்மலையில் தங்கியிருக்கலாம். கடலோடு முனிவர்களும் சேர்ந்துவிட்டார்கள். இன்னும் எட்டுப் பக்கம் எழுதலாம் என்று மனசு குதித்தது. முனியம்மாவை விடாமல் நச்சரித்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, “அத்த எங்க வாயால சொல்லக் கூடாதுங்க. உங்ககிட்ட போயி அத்தச் சொன்னா மரியாதையா இருக்காது” என்றாள். அதையும் எழுதிக்கொண்டேன்: விலக்குச் சொல். வெளியார் காதில் விழலாகாது. தெய்வத் தொடர்பு உண்டா என்று ஆராய வேண்டும்.

குறிப்பேட்டை மூடியபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தத் தெய்வம் ஆறடி உயரத்தில் எதிரே உட்கார்ந்து பேனாவை மூடுகிறது என்று அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை.

நான் வந்திருக்கிறேன் என்று கேள்விப்பட்டுப் பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு பெண் காத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மூன்று வயதுப் பெண் குழந்தை.

“சார், நான் மாதம்மாள். சன்னலோரம் உக்காருவேன்.”

எனக்குச் சுத்தமாக நினைவில்லை. எல்லா வாத்தியார்களும் சொல்கிற மாதிரி, “ஓ, நம்ம மாதம்மாளா, நல்லா வளந்துட்டியே” என்றேன். அவள் அதை நம்பவில்லை என்று முகம் சொன்னது. விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் புளி உலுக்கப் போன புருஷன் மரத்திலிருந்து விழுந்து செத்துப்போனான். அரைக் காணிச் சாமை ஆறு மாசத்துக்குக் காணாது. ஆயா வேலைக்கு அவளும் இன்னொரு ஊர்ப் பெண்ணும் மனுப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பெண்ணிடம் சான்று இருக்கிறது.

“ரெக்கார்டு ஷீட்ட நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஜமுனாமரத்தூர் ஆபீஸ்ல குடுக்கணும் சார். இல்லன்னா அந்தப் பொண்ணுக்குப் போட்டுடுவாங்க. ரெண்டு தபால் போட்டோம். உங்களுக்கு வந்து சேரல போல.”

“சேரலை” என்றேன். சொன்ன வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அதோடு நிறுத்தினேனா? “அதுக்கென்னம்மா, ஒரு நிமிஷத்து வேலை. முதல்ல நீ எனக்கு ஒண்ணு சொல்லு. படிச்ச பொண்ணு நீ. கொக்கராயம்ங்கிற சொல்லு எப்படி வந்தது?”

மாதம்மாள் என்னை நேராகப் பார்த்தாள். சிரிக்கவில்லை, வாயைப் பொத்தவும் இல்லை.

“முதல்ல ரிஜிஸ்டரப் பாருங்க சார். அப்புறம் சொல்றேன்.”

சக்கரவர்த்தி சின்ன வயசு, மெலிந்த ஆள், எதையும் கோடு போட்டுத்தான் செய்வார். பதிவேட்டை இரண்டு கையாலும் எடுத்து வந்து மேசைமேல் பிரித்து வைத்தார். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தேன்.

பக்கம் முழுக்கக் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, இறங்கி, நெளிந்து, கட்டத்தைத் தாண்டிப் பக்கத்துக் கட்டத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டிருந்தன. எது எழுத்து, எது எழுத்தின் கொம்பு, எது சும்மா மை இழுபட்டது என்று பிரிக்க வழியில்லை. எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது.

“யார் சார் இதை எழுதினது? குழந்தைங்களோட எதிர்காலம் இதுல இருக்கு. கொஞ்சமாவது பொறுப்பு வேண்டாமா? இந்த ஆளையெல்லாம் எவன் வேலைக்கு எடுத்தான்?”

சக்கரவர்த்தி தொண்டையைச் செருமினார். “கீழ கையெழுத்து இருக்குது பாருங்க சார்.”

“கையெழுத்தும் புரியலையே.”

“அத்த வெச்சித்தான் சார் நீங்கன்னு கண்டுபிடிச்சோம்.”

குழந்தை பலப்பத்தைக் கடித்துக்கொண்டிருந்தது.

“நீங்க கேட்டீங்களே சார்,” என்று மாதம்மாள் பதிவேட்டின்மேல் விரலை வைத்தாள். “இதான் கொக்கராயம்.”

அதற்குமேல் அவள் மறைக்கவில்லை. நான் வந்த முதல் மாதமே பிள்ளைகள் என் கழுத்தையும் நடையையும் பார்த்துக் கொக்கு என்று பெயர் வைத்துவிட்டார்களாம். தாண்டவராயன் சார் முதலில் கொக்குராயர் ஆகி, பிறகு கொக்கராயர் ஆகியிருக்கிறார். ஒரு நாள் யாரோ விறகுக் கட்டையின் பட்டையை உரித்தபோது உள்ளே புழுத் தடம். “டேய், கொக்கராயர் எழுதி வெச்சிட்டுப் போயிருக்காருடா” என்று ஒரு பயல் கத்தியிருக்கிறான். அவ்வளவுதான், அந்த மாதிரி நெளிவுக்கெல்லாம் கொக்கராயம் என்று பெயராகிவிட்டது. பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள், பெரியவர்கள் கொல்லைக்குக் கொண்டுபோனார்கள், பெண்கள் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். நான் மலையை விட்டு இறங்கிப் பத்து வருஷம் கழித்து அது கீரைக்கட்டோடு கீழே வந்து என்னிடமே சேர்ந்தது.

என் சங்கு, என் கடல், என் முனிவர்கள், முப்பத்திரண்டு பக்கம். எல்லாம் போச்சு. ஒரு சொல்லுக்குள் என் பெயரே பாதி உட்கார்ந்திருக்கிறது, அது தெரியவில்லை, நான் சொல்லாராய்ச்சி செய்கிறேனாம். பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தேன். அது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் செய்தது. முழங்கால் இரண்டும் தாடையில் இடித்தன.

“சார், வாசிச்சுச் சொல்லுங்க, ஷீட்டை எழுதிடறேன்” என்றார் சக்கரவர்த்தி. அவர் கவலை அவருக்கு.

வாசித்தேன். கால் மணி நேரம் வாசித்தேன். பதிவேட்டைச் சாய்த்துப் பார்த்தேன், சன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஓர் இடத்தில் முனி என்று இருக்கிற மாதிரி இருந்தது, சனியாகவும் இருக்கலாம். கடைசியில் வெறுத்துப்போய், “தேறினாள்னு போட்டுக்குங்க சார், நான்தானே சொல்றேன்” என்றேன்.

“நீங்க வாசிக்கல சார். ஊகிக்கிறீங்க. எனக்குச் சர்வீஸ் இன்னும் முப்பது வருஷம் இருக்குது.”

மாதம்மாள் எட்டிப் பார்த்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் நின்றபடி, தலைகீழாக.

“நான் வாசிக்கட்டுங்களா? பதினாறு, அருணகிரி, தகப்பனார் பெயர் சின்னக்குழந்தை. பதினேழு, மாதம்மாள், தகப்பனார் பெயர் முனியன், பிறந்த தேதி ஒன்னு ஆறு அறுபத்திரெண்டு. சேர்ந்தது மூணாம் வகுப்பு. விலகியது எழுபத்து மூணு ஏப்ரல், ஐந்தாம் வகுப்பு தேறியபின். பதினெட்டு, சாந்தம்மாள்…”

தங்குதடை இல்லாமல் போனாள். எல்லோருக்கும் பிறந்த தேதி ஜூன் ஒன்றுதான். அந்த ஊரில் யாருக்கும் தேதி தெரியாது. கையைத் தலைக்குமேல் வளைத்து மறுபக்கத்துக் காதைத் தொடச் சொல்வேன், தொட்டால் ஐந்து வயது, பெரிய பிள்ளைகளுக்கு ஆளைப் பார்த்து ஒரு வயது, தேதி மட்டும் ஜூன் ஒன்று என்று போடுவேன். ஊருக்கே ஒரே நாளில் பிறந்தநாள் கொடுத்தவன் நான். அவள் வாசித்தது சரிதான் என்று அதில் தெரிந்தது.

“இதை எப்படிம்மா வாசிக்கிறே?”

“நாங்க வேற எழுத்தப் பாத்ததே கிடையாதே சார். போர்டுல நீங்க போட்டதுதான் எங்களுக்கு எழுத்து. புஸ்தகத்துல இருக்கற அச்செழுத்துதான் அப்புறம் ரொம்ப நாளு சிரமமா இருந்துச்சு.”

சக்கரவர்த்தி கடைசிக் கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். “இங்க குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்குதே. அதுல இன்னா?”

“அது ஒன்னும் இல்லீங்க சார்” என்றாள் மாதம்மாள். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

வேலைக்கு மனுப் போட்டவளே தன் சான்றைத் தானே வாசித்தால் செல்லாது, கூடப் படித்தவர்கள் வாசித்தாலும் ஆபீஸில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்றார் சக்கரவர்த்தி. அதிலும் நியாயம் இருந்தது. மறுநாள் காலையில் மூன்று பேரும் பதிவேட்டை எடுத்துக்கொண்டு ஜமுனாமரத்தூர் போனோம்.

ஆபீஸில் கிளார்க் வயசானவர். பதிவேட்டை நிதானமாகப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு முறை, போட்டுக்கொண்டு ஒரு முறை.

“இது தமிழா சார்?”

“தமிழ்தான்” என்றேன். தமிழ் விரிவுரையாளர் சொல்ல வேண்டிய வாக்கியம் பாருங்கள்.

“எழுதுனது நீங்கதான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? இந்தாங்க தாளு. உங்க கையால எழுதிக் குடுங்க.”

எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக நான் எழுதியதில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக வரைந்தேன். கிளார்க் அந்தத் தாளைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஒரே கைதான். சந்தேகமே இல்ல. ஆனா இன்னா எழுதியிருக்கீங்க?”

வாசித்துக் காட்டக் கையை நீட்டினேன். அவர் தாளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். வயசானவராக இருந்தாலும் மூளை கூர்மை.

“நீங்க வாணாம். அந்தப் பொண்ணு வாசிக்கட்டும். ரிஜிஸ்டர முன்னமே பாத்து மனப்பாடம் பண்ணியிருக்கலாம். இது இப்ப எழுதுனது. இத்த வாசிச்சிட்டா அது உங்ககிட்டதான் படிச்சிருக்குதுன்னு நான் ஒத்துக்கிறேன்.”

மாதம்மாள் தாளை வாங்கினாள். குழந்தையை என்னிடம் கொடுத்தாள். ஆபீஸில் இருந்த நாலு பேரும் எழுந்து வந்து நின்றார்கள்.

“நெல்லிக்கொல்லைப் பள்ளியில் 1970 முதல் 1973 வரை ஆசிரியராக இருந்தேன். பதிவேட்டில் உள்ளது என் கையெழுத்தே. அதை என்னால் வாசிக்க இயலவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். மாதம்மாள் என் மாணவி. அவரை எனக்கு நினைவில்லை. என் எழுத்து அவருக்கு நினைவிருக்கிறது.”

ஒரு சொல் தடுக்கவில்லை. பியூன் மட்டும் சிரித்தான். கிளார்க் அவனை ஒரு பார்வை பார்த்தார், அடங்கிவிட்டான்.

“சரி. இப்ப ரிஜிஸ்டர்ல உன் வரியக் கடைசி வரைக்கும் வாசிம்மா. அப்பிடியே எழுதிக்கிறேன்.”

வாசித்தாள். ‘ஐந்தாம் வகுப்பு தேறியபின்’ என்ற இடத்தில் நிறுத்தினாள்.

“அதுக்கப்புறம் ஒரு கட்டம் இருக்குது” என்றார் கிளார்க்.

“நேத்தும் அத்த உட்டுட்டாங்க” என்றார் சக்கரவர்த்தி, கோடு போட்ட மனுஷன்.

“பாதி வாசிச்சா பாதிதான் செல்லும். முழுசா வாசிச்சாதான் நான் எழுத முடியும்மா.”

மாதம்மாள் என் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை. எனக்காகச் சங்கடப்படுகிற மாதிரி இருந்தது. அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை, அவள் குழந்தை என் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. அவள் பதிவேட்டைப் பார்த்து, அதே குரலில் வாசித்தாள்.

“குறிப்பு. மந்தம். தலையில் ஒன்றும் ஏறாது. தயவில் தேர்ச்சி.”

அவள் சொன்ன பிறகு அந்த நெளிவுகள் எல்லாம் எழுந்து நின்று எழுத்துகளாகிவிட்டன. மந்தம். எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறேன். மாற்றல் உத்தரவு வந்த வாரம், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே மூச்சில் குறிப்பு எழுதியது ஞாபகம் வந்தது. யார் வாசிக்கப் போகிறார்கள் என்ற தைரியம். அந்தப் பதிவேட்டை அலமாரியில் கொண்டுபோய் வைக்கச் சொல்லி யாரோ ஒரு பெண்ணிடம் கொடுத்ததும் ஞாபகம் வந்தது.

“அப்பவே வாசிச்சியாம்மா?”

“அப்பவே வாசிச்சேன் சார்.”

பதினொரு வயசு. உலகத்திலேயே என் எழுத்தை வாசிக்கத் தெரிந்த இருபத்திரண்டு பேரில் ஒருத்தியின் கையில், அவளைப் பற்றி நான் எழுதியதை நானே கொடுத்திருக்கிறேன். பத்து வருஷம் அவள் அதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. அவள் குழந்தை என் கையில் இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

“தயவில் தேர்ச்சின்னு இருக்குதே,” என்று கிளார்க் தயங்கினார். “சார், பொண்ணு வாசிச்சது சரிதானா?”

குறிப்பில் இருப்பது அது இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேறு யாராலும் வாசித்துச் சரிபார்க்க முடியாது. ஆனால் அவளே தனக்கு எதிராக உள்ளதை உள்ளபடி வாசித்த பிறகு நான் எப்படிப் பொய் சொல்வது? முந்தின நாள் தபால் பொய்யே இன்னும் செரிக்கவில்லை.

“வாசிச்சது சரி சார். எழுதினதுதான் தப்பு. எழுதினவனே வாசிக்க முடியாததை அந்தப் பொண்ணு தலைகீழா வெச்சு வாசிக்குது. தனக்கு நஷ்டம்னு தெரிஞ்சும் ஒரு எழுத்தை விடலை. யார் மந்தம்னு நீங்களே எழுதிக்குங்க.”

“அப்பிடியெல்லாம் ஃபைல்ல எழுத முடியாது சார்,” என்றார் அவர். “எழுதுனவரே அடிச்சுத் திருத்தி, தேதி போட்டு, இப்ப இருக்கற ஹெச்.எம். சாட்சிக் கையெழுத்துப் போட்டா நான் எடுத்துக்கலாம்.”

சிவப்பு மைப் பேனாவை நீட்டினார்.

வேலை மாதம்மாளுக்குத்தான் கிடைத்தது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கருத்தரங்குக்கு நான் போகவில்லை. பேராசிரியருக்கு வசந்தி தட்டச்சு செய்த ஓர் அட்டை மட்டும் அனுப்பினேன்: ‘கொக்கராயம் — புழு ஊர்ந்தது போன்ற நெளிகோடு. நெல்லிக்கொல்லை வழக்கு. பிறப்பு: அவ்வூரில் ஆசிரியராக இருந்த ஒருவரின் கையெழுத்து.’ ஆதாரம் என்று அவர் கேட்டிருந்த இடத்தில், கீழே, பேனாவால் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அதை மட்டும் அவர் திருப்பி அனுப்பவில்லை.

ஆனால் அன்றைக்கு அந்த மேசையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். குழந்தையைச் சக்கரவர்த்தியிடம் கொடுத்துவிட்டு, பழைய மூன்று வாக்கியங்களையும் சிவப்பு மையால் அடித்தேன். மேலே ஒரே ஒரு சொல் எழுதினேன். தேதி போட்டேன். அடித்த வரிக்குமேல் நெருக்கி எழுதியதில் அது வழக்கத்தைவிட மோசமாக வந்தது. கிளார்க் பார்த்தார். சக்கரவர்த்தி பார்த்தார். இரண்டு பேரும் பதிவேட்டை மாதம்மாள் பக்கம் நகர்த்தினார்கள்.

“இன்னா போட்டிருக்காரும்மா?”

மந்தம் என்று வாசித்தபோது தடுமாறாதவள், இதற்கு நேரம் எடுத்துக்கொண்டாள். குனிந்து பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

“கெட்டிக்காரின்னு போட்டிருக்காரு சார்” என்றாள். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

“கொஞ்சம் சத்தமா சொல்லும்மா,” என்றார் கிளார்க், “எழுதிக்கணும்.”

அவள் இன்னொரு தடவை சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார்.